டிம்மி இன்னும் லயத்துக்கு வரவில்லை

1942இல், உலகப் போரின் நடுவே, லண்டனில் ஹொடர் அண்ட் ஸ்டவ்டன் பதிப்பகம் ஒரு சிறுவர் நாவலை வெளியிட்டது. நான்கு பிள்ளைகள், ஒரு நாய், கடலுக்குள் ஒரு குட்டித் தீவு, அதில் இடிந்த கோட்டை, கோட்டைக்குள் எங்கோ தங்கக் கட்டிகள். எழுதியவர் எனிட் பிளைட்டன். படம் வரைந்தவர் எய்லீன் சோப்பர். அந்த நாட்களில் இங்கிலாந்தில் அச்சடிக்கும் தாளுக்கும் பங்கீடு, குடிக்கும் தேயிலைக்கும் பங்கீடு. 1940 ஜூலையிலிருந்து ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், ஏறத்தாழ 57 கிராம் தேயிலைதான் கிடைத்தது. அந்தத் தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு இலங்கையிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்தது. பிளைட்டனின் பிள்ளைகள் எவ்வளவு பெரிய சாகசத்தில் இருந்தாலும் தேநீர் நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவார்கள். அவர்கள் கோப்பையில் இருந்தது ஹட்டனிலோ திம்புலையிலோ நம் பாட்டிமார் பறித்த கொழுந்தாக இருந்திருக்கலாம்.

கொழுந்து மலையிலிருந்து இறங்கிய அதே தண்டவாளத்தில் அந்தப் புத்தகமும் அதன் தம்பி தங்கைப் புத்தகங்களும் மலையேறின. துரை பங்களா வரை வந்தன. பங்களாவிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தை மட்டும் அவை கடக்கவில்லை. நாயும் பிள்ளைகளும் சேர்ந்து துப்பறியும் இந்த வகைப் புத்தகம் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, எங்கே நின்றுபோனது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

துப்பறியும் கதைக்குள் நாய் நுழைந்தது பிளைட்டனுக்கு அரை நூற்றாண்டு முன்பே. ஆர்தர் கோனன் டொயில் 1890இல் எழுதிய ஒரு நாவலில் டோபி என்ற நாய், கிரியோசோட் எண்ணெயை மிதித்துவிட்டு ஓடியவனின் காலடி வாசத்தை முகர்ந்துகொண்டே ஷெர்லக் ஹோம்ஸை லண்டன் தெருக்கள் வழியாக இழுத்துச் செல்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 1892 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வந்த கதை இன்னும் நுட்பமானது. இரவில் லாயத்திலிருந்து பந்தயக் குதிரையை யாரோ கொண்டுபோய்விடுகிறார்கள். காவலுக்கு நாய் இருந்தது. அது குரைக்கவில்லை. அப்படியானால் வந்தவன் நாய்க்குப் பழக்கப்பட்டவன். குரைக்காத நாயே துப்பாகிவிட்டது.

இந்த வகைக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மனித மூக்கில் வாசனை அறியும் உணர்வுச் செல்கள் 50, 60 இலட்சம் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். நடந்தது என்ன என்று நாய்க்குத் தெரியும். சொல்ல வாய் இல்லை. பிள்ளைக்கு வாய் உண்டு, விடை தெரியாது. இருவரையும் ஒரே பாதையில் நடக்கவிட்டால் கதை தானாக நகரத் தொடங்கும். எட்டு, பத்து வயதில் ஒரு பிள்ளை தன் நாயின் காதையும் வாலையும் பார்த்து மனதைப் படிக்கப் பழகுகிறது. வாசிப்பும் அந்த வயதில்தான் பிடிபடுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்த புத்தகங்கள் உலகம் முழுவதும் ஓடியதில் வியப்பில்லை.

பிளைட்டனிடம் பாப்ஸ் என்றொரு நாய் இருந்தது, ஃபாக்ஸ் டெரியர் இனம். ஆசிரியர்களுக்கான 'டீச்சர்ஸ் வேர்ல்ட்' இதழில் 1929 முதல் அந்த நாயே பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதுபோல அவர் எழுதிவந்தார். 1935இல் பாப்ஸ் இறந்தது. கடிதங்கள் நிற்கவில்லை; பல ஆண்டுகள் பாப்ஸின் பெயரிலேயே தொடர்ந்தன. தன் நாய் செத்ததை வாசகப் பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிரிவுக்குப் பிறகு ஏழு ஆண்டு கழித்து வந்ததுதான் 1942 நாவலின் நாயான டிம்மி.

டிம்மி உயர்ந்த சாதி நாய் இல்லை. பெரிய உடம்பும் நீண்ட வாலும் கொண்ட பழுப்பு நிறக் கலப்பு நாய். முதல் நூலில் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பெற்றோர் தடுத்துவிட, ஜார்ஜ் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அந்தச் சிறுமி ஒரு மீனவப் பையனிடம் நாயை ஒப்படைத்து, தன் கைச்செலவுக் காசு முழுவதையும் அதன் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறாள். மற்றப் பிள்ளைகள் வாங்கித்தரும் ஐஸ்கிரீமைக்கூட வேண்டாம் என்கிறாள், திருப்பி வாங்கித்தரக் காசில்லை என்பதால். திருட்டுத்தனமாக நாய் வளர்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்த இடம் புரியும். அப்பா அடிப்பார் என்று தேயிலைச் செடிக்கு நடுவே குட்டியை ஒளித்துவைத்து, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொண்டுபோய்ப் போட்ட பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! டிம்மியின் கதை அவர்களிடம் போயிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான்கு பிள்ளைகளும் டிம்மியும் சேர்ந்த அந்த ஐவருக்குப் பிளைட்டன் 1963 வரை 21 நாவல் எழுதினார். 1943இல் இன்னொரு வரிசை தொடங்கினார். அதில் பஸ்டர் என்ற கறுப்பு ஸ்கொட்டிஷ் டெரியர், கிராமத்துப் பொலிஸ்காரரின் கணுக்காலைக் கண்டால் விடாது. 1949இல் மூன்றாவது வரிசை, அதில் ஸ்காம்பர் என்ற ஸ்பானியல். மூன்று வரிசையிலும் நாய் இல்லாமல் கூட்டம் கூடாது. குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. சமைக்க ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் உலகம் அது. வெளியூர்க்காரன், நிறம் வேறானவன், ஏழை என்றால் சந்தேகம் முதலில் அவன்மேல் விழும். பிரித்தானிய நூலகர்களே பின்னாளில் இதற்காக அவரைக் கடிந்துகொண்டார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனாலும் பெரியவர்களின் துணையில்லாமல் பிள்ளைகள் தாமே யோசித்து விடை காணலாம் என்ற நம்பிக்கையை அந்தப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தன.

இனி மலையேறிய வழி. ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்துவிட்டது. கோப்பியும் பிறகு தேயிலையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கப் போட்ட பாதை அது. திரும்பி வரும் பெட்டிகளில் அரிசியும் உரமும் இயந்திரமும் வந்தன, துரைமாரின் பங்களாக்களுக்கான சாமான்களும் வந்தன. அவற்றுக்குள் கோட்டையிலிருந்த கேவ் போன்ற கடைகளில் வாங்கிய புத்தகங்களும் இருக்கும். தபாலகத்திலிருந்து தோட்டத்துத் தப்பால்காரர் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடப்பார். துரைசாணிக்குக் கடிதம், துரைக்குப் பத்திரிகை, விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைக்குப் புத்தகப் பொதி. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த, அல்லது எதையும் வாசிக்கத் தெரியாத ஒருவரின் முதுகில்தான் டிம்மி முதன்முதலாகத் தேயிலை மலைகளுக்குள் வந்தது.

நாய்ப் புத்தகம் இந்த மலைக்கு அதற்கு முன்பே பழக்கம். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றை வைத்து மரை வேட்டையாடினார். அதைப் பற்றி 1850களின் முற்பகுதியில் அவர் வெளியிட்ட நூலில் ஸ்மட், கில்பக் என்று ஒவ்வொரு நாயும் பெயரோடு வருகிறது. அதன் துணிச்சல், அதன் காயம், அதன் சாவு எல்லாம் வருகின்றன. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரையும் காட்டையும் அறிய இன்றும் அந்த நூல் பயன்படும். ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடியதல்ல, இரத்தம் அதிகம். மலைநாட்டு நாய்களைப் பற்றி அச்சேறிய பழைய நூல்களில் ஒன்று கொலையைக் கொண்டாடும் நூலாக அமைந்தது நமக்கு வாய்த்த தொடக்கம்.

பங்களா நாய்க்கும் லயத்து நாய்க்கும் இடையில் பெரிய தூரம் இருந்தது. பங்களா நாய்க்கு இறைச்சி உண்டு, குளிப்பாட்ட ஆள் உண்டு, மாலையில் நடத்திக்கொண்டு போகவும் ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் லயத்திலிருந்து போனவர்தான். லயத்து நாய்க்கு வீடு என்பது இஸ்தோப்பின் ஓரம். வரிசையாகப் பத்துக் காம்பரா இருந்தால் நாய் பத்துக் காம்பராவுக்கும் சொந்தம். காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள் பின்னால் போகும், கொழுந்து எடுக்கும் பெண்கள் பின்னால் மலைக்கு ஏறும், நிறுவைக்கு வரும்போது கூடவே இறங்கும். டைகர், ஜிம்மி, மணி என்று பெயர். அதற்கு எல்லாரையும் தெரியும். வெளியாள் யார் என்பதும் தெரியும். கோனன் டொயில் கண்டுபிடித்த துப்பு, அந்நியனைக் கண்டால் மட்டும் குரைப்பது, ஒவ்வொரு லயத்து வாசலிலும் இரவுதோறும் நடந்துகொண்டிருந்தது. எழுதத்தான் ஆள் இல்லை.

எழுதவும் வாசிக்கவும் முதலில் பள்ளிக்கூடம் வேண்டும். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் நிர்வாகத்தின் கையில் இருந்தன. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள், அவ்வளவுதான். 1970களின் நடுப்பகுதியிலிருந்துதான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. பின்னர் சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழும்பின, ஆசிரியர் பயிற்சி நடந்தது. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி வந்தது. மலையகத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் உருவானார்கள். இது பெரிய மாற்றம், குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் கட்டடத்துக்குள் கதைப்புத்தகம் அதே வேகத்தில் வரவில்லை.

தமிழ்ப் புத்தகத்துக்கு வேறொரு வழி இருந்தது. அது நம் முன்னோர் வந்த வழி, தலைமன்னார் வழி. தமிழ்நாட்டிலிருந்து அம்புலிமாமாவும் கல்கண்டும் வார இதழ்களும் கடல் தாண்டி வந்தன. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைத்தெருக்களில் தொங்கின. சலூன் கடையில் ஒருவர் வாசிக்க நான்கு பேர் கேட்டார்கள். தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் தேநீர்ப் பிரியர். அவரைத் தேயிலைத் தோட்டத்தில் வாசித்தவர்களுக்கு அது கூடுதல் உறவு. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது. உள்நாட்டு எழுத்து வளர அது ஒரு வாய்ப்பாயிற்று. அந்தப் பத்தாண்டில் வீரகேசரி வெளியிட்ட மலிவு விலை நாவல்கள் ஈழத்து நாவலுக்குப் பெரும் ஊட்டம். ஆனால் சிறுவருக்கான துப்பறியும் நாவல் அந்த ஊட்டத்தில் பங்கு பெறவில்லை. வந்துகொண்டிருந்ததும் குறைந்தது, அதன் இடத்தில் புதிது முளைக்கவும் இல்லை.

அதே வழியில் எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. 1964இல் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. குடும்பங்கள் லயத்தைக் காலி செய்து, ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலேறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலுக்குக் காத்திருந்தன. நீலகிரிக்கும் கூடலூருக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள். அந்த ரயிலடியில் நடந்தவற்றைப் பெரியவர்களுக்கான சிறுகதைகளாக நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பூட்டிய காம்பரா வாசலில் ஒரு நாய் நின்றிருந்தால் அதற்கு என்ன ஆயிற்று என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் சிறுவர் புத்தகம் நம்மிடம் இருக்க வேண்டும்.

சொந்த மண்ணில் மென்மையான மர்மக் கதை எழுத முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு இலங்கையிலேயே ஒரு விடை இருக்கிறது. காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்த சிபில் வெத்தசிங்க, 1956இல் குடைத் திருடனைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு புத்தகம் எழுதிப் படமும் வரைந்தார். பெயர் 'குட ஹொரா'. குடையே கண்டிராத ஓர் ஊர். வெயிலுக்கும் மழைக்கும் சேம்பிலை, வாழையிலை, பாய். கிரி மாமா பட்டணத்துக்குப் போய்க் குடை வாங்கிவருகிறார். ஊருக்குள் வந்ததும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி காணோம். கடைசியில் குடைக்குள் கிழித்த தாள் துண்டுகளை நிரப்பிவைக்கிறார். திருடன் குடையைத் தூக்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் தாள் உதிர்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்துக் காட்டுக்குள் போனால் ஒரு மரம் முழுக்கக் குடைகள். திருடன் ஒரு குரங்கு. கிரி மாமா மற்றவற்றை எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு குடையை விட்டுவைக்கிறார்.

இந்தக் கதையில் துப்பு இருக்கிறது, பொறி இருக்கிறது, தடம் இருக்கிறது, குற்றவாளியும் இருக்கிறான். கொலை இல்லை, பயம் இல்லை, தண்டனையும் இல்லை. குடையைத் தவிர, ஓர் இலங்கைக் கிராமத்தில் இல்லாத எந்தப் பொருளும் அதில் வரவில்லை. பல மொழிகளுக்குப் போனது. 1986இல் ஜப்பானில் விருது பெற்றது. 2020 ஜூலை 1இல் வெத்தசிங்க காலமானார். அந்த ஆண்டுதான் அவருடைய இன்னொரு நூல் உலக சாதனைப் புத்தகத்தில் ஏறியது: கதையின் தொடக்கத்தை அவர் எழுத, முடிவுகளை நாடெங்குமுள்ள பிள்ளைகள் எழுதினார்கள், 1250 முடிவுகள். பிள்ளைகளை விடை சொல்லும் இடத்தில் உட்காரவைப்பதைக் கடைசிவரை அவர் விடவில்லை. என்னைக் கேட்டால் மலையகச் சிறுவர் எழுத்தாளர் பிளைட்டனிடம் படிப்பதைவிட இவரிடம் படிக்க வேண்டியது அதிகம்.

அமெரிக்காவில் 1972இல் மார்ஜரி வைன்மன் ஷார்மட் எழுதத் தொடங்கிய நேட் வரிசையையும் பார்க்கலாம். முதல் நூலில் ஒரு சிறுமி தன் நாயை மஞ்சள் நிறத்தில் வரைந்த படம் காணாமற் போகிறது. நேட் என்ற பையன் துப்பறிகிறான். அவள் தம்பி வரைந்த செம்மஞ்சள் நிறப் படம் ஒன்றைப் பார்த்ததும் அவனுக்குப் பிடிபடுகிறது. மஞ்சள் படத்தின் மேலேயே தம்பி சிவப்பைப் பூசியிருக்கிறான். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் செம்மஞ்சள். ஏழு வயதுப் பிள்ளைக்கு வண்ணப் பெட்டியில் தெரிந்த விஷயம்தான் விடை. சின்னச் சின்ன வாக்கியங்கள், பக்கத்துக்கு ஒரு படம். படக்கதையை முடித்துவிட்டுப் பெரிய நாவலுக்குப் போகுமுன் ஒரு பிள்ளை கால் ஊன்ற வேண்டிய படி அது.

நம்மிடம் இல்லாதது அந்தப் படிதான். கீழ் வகுப்புகளுக்குப் படப் புத்தகம் ஓரளவு வந்துவிட்டது. ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் பிள்ளைகளுக்கான கதைப்புத்தகங்களை வெளியிட்டு, பாடசாலைகளில் வாசிப்பு மூலைகள் அமைத்தது. அவற்றை வாசித்த பிள்ளை நான்காம் தரத்துக்கு வந்ததும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை கண்முன் வந்து நிற்கிறது. பெற்றோர் கையிலிருக்கும் காசு மாதிரி வினாத்தாள்களுக்குப் போகிறது. கடைக்காரரும் விற்பதைத்தான் அடுக்குவார். பரீட்சை முடிந்து ஆறாம் தரத்துக்குப் போகும்போது, வாசிப்பு என்றால் விடை குறிப்பது என்று பிள்ளை நினைக்கத் தொடங்கியிருக்கும். நூறு பக்கக் கதை ஒன்றை முழுதாக முடித்த சந்தோஷம் அதற்குக் கிடைக்கவே இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த குறை. ஒரு நல்ல துப்பறியும் புத்தகம் பிள்ளையை அடுத்த அத்தியாயத்துக்குத் தானே இழுக்கும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை.

மலையகத்தில் இந்த வகைக் கதைக்கு வேண்டிய எல்லாமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காலையில் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. ஈரமண்ணில் அழியாமல் நிற்கும் காலடித் தடம். ஒரே மாதிரியான லயங்கள், ஒரே மாதிரியான மலைகள், எண்ணால் மட்டும் பிரித்தறியும் இடங்கள். கான் வழியாகவும் கவ்வாத்து வெட்டிய மலை வழியாகவும் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் மட்டுமே தெரிந்த குறுக்குப் பாதைகள். பூட்டிக்கிடக்கும் பழைய ஸ்டோர்.

எல்லாவற்றுக்கும் மேலே புலி. மலையகத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். இலங்கைக்கே உரிய அந்தச் சிறுத்தை உட்பிரிவு, தேயிலைத் தோட்டங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட காட்டுத் துண்டுகளையும் நடமாடும் வழியாகக் கொண்டிருக்கிறது. அஞ்சலி வாட்சன், ஆண்ட்ரூ கிட்டில் இருவரும் பல ஆண்டுகளாக மத்திய மலைநாட்டில் தானியங்கிக் கமராக்களை வைத்து ஆராய்ந்துவருகிறார்கள். மரை, கேளையாடு, முள்ளம்பன்றி என்று அதற்கு இரை பல. லயத்து நாயும் சில நேரம் அதில் சேர்ந்துவிடும். காலையில் எழுந்து பார்த்தால் நாயைக் காணோம் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குக் கற்பனையில் வரும் மர்மம் இல்லை. தடம் தேடும், கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம் பார்க்கும், தண்ணீர்ப் பீலியடியில் விசாரிக்கும். பெரியவர்கள் புலி கொண்டுபோயிட்டுது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்காத கதையை நான் கேட்கிறேன். நாய் பெயர் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அக்கா, ஒரு தம்பி.

"அக்கா, மணி புலிகிட்ட மாட்டல. மாட்டியிருந்தா ராத்திரி கத்தியிருக்கும்ல?"

"கத்தல. அப்ப யாரு பின்னாலயோ அதுவாத்தான் போயிருக்கு."

இங்கிருந்து அத்தியாயங்கள் விரியும். மரக்கறித் தோட்டத்து வேலியோரம் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி ஒன்றைப் பிள்ளைகள் காண்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் அரிதான ஒரு கருஞ்சிறுத்தை இப்படியொரு கம்பியில் சிக்கியது. மீட்டுச் சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் இறந்துபோனது. பிள்ளைகளுக்கு அந்தச் சாவைக் காட்ட வேண்டாம். ஆனால் கம்பி எதற்கு, யார் வைத்தது, நாய் அதன் அருகே ஏன் போகிறது என்று கதை கேட்கலாம். கம்பி வைத்தவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை; பன்றி தோண்டிப்போட்ட கிழங்குக்காக அழுத மனிதனாக இருக்கலாம். பிளைட்டனிடம் இல்லாத நியாயம் நம் கதையில் இருக்கட்டும். சந்தேகப்பட்டது வெளியூர் வியாபாரியை, விடையோ பக்கத்துக் காம்பராவில் என்று கதை திரும்பினால் பிள்ளை வேறொன்றையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

நாய் வரும் கதையில் விசர்நோயும் வர வேண்டும். தெரியாத நாய் வாயில் நுரையோடு தள்ளாடி வந்தால் அருகே போகக் கூடாது, கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். இதைச் சுவரொட்டியில் எழுதினால் ஒருவரும் நிற்கமாட்டார்கள். தம்பியைக் கடித்ததும் அக்கா பீலிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள் என்று எழுதினால் வாசித்த பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் தமிழ் தோட்டத்துப் பிள்ளையின் வாயில் இருக்கும் தமிழ் அல்ல. உரையாடலையாவது பிள்ளை பேசுவதுபோல எழுதுங்கள். இஸ்தோப்பை வராந்தா ஆக்க வேண்டாம், பிள்ளைக்காம்பராவைக் குழந்தைகள் காப்பகம் ஆக்க வேண்டாம். வட்டகொடைக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, லயத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியபோதும் அதன் வாசம் போகாமல் எழுதினார். தமிழில் நமக்கு அது இன்னும் எளிது.

அச்சடிக்கப் பெரிய முதல் இல்லை என்பதும் இப்போது தடையாகாது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் கதை எழுதி ஏற்றலாம், பிறர் வரைந்த படங்களை எடுத்துப் பயன்படுத்தலாம், அச்சடித்துக்கொள்ளலாம். ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேமிக்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம், அச்சான சிறு நூலும் தொலையாமல் காக்கும். ஸ்ரீபாத கல்லூரியில் ஆண்டுதோறும் பயிற்சி முடிக்கும் இளம் ஆசிரியர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள், நாயோடு வளர்ந்தவர்கள். அவர்களில் இருவர், மூவர் போதும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் பாடசாலைப் பரிசளிப்பிலும் தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கொடுக்கிறவர்கள், அடுத்த முறை அதோடு ஒரு கதைப்புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, புத்தாண்டு நாட்காட்டிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரிய நண்பர்களே, நீங்கள் எழுதுங்கள்: பத்து அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஆறேழு பக்கம், ஒரு நாய், ஒரு கேள்வி. எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொண்டுபோகாமல் முதலில் நான்காம் தரத்துப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே அவர்கள் விடையைச் சொல்லிவிட்டால், திரும்ப எழுதுங்கள்.